சாரதியும் அமானிதமும்

ஊர்தி செலுத்துவோனுக்கு ஈழத்துத் தமிழில் வழங்கும் பெயர் சாரதி என்பது. பாரதப் போரிலே பார்த்தனின் தேரோட்டியைச் சுட்டிய அச்சொல், இன்று முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞனுக்கும் உரியதாயிற்று. பெயர் பெரிது, அதனோடு வந்த பொறுப்பும் பெரிதன்றோ?

குறுங்குடி மருதனார் அகநானூற்றின் நான்காம் பாட்டிலே ஒரு தேரைக் காட்டுகின்றார். வினைமுடித்து மீளும் தலைவன், துணையோடு பூவில் தாதுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டி வருகின்றான். காதலியைக் காணும் விரைவு அவனுக்கில்லையா? உண்டு. எனினும், வழியிலுள்ள சிற்றுயிரின் அமைதியையும் அவன் மறந்தானல்லன். சாரதிக்குரிய இலக்கணம் இதுவே.

மதுவுண்டவன் இவ்விலக்கணத்துக்கு முற்றும் மாறானவன். மது முதலிற் கெடுப்பது காலையன்று. தன்னைத்தானே மதிப்பிடும் அறிவை. ஆதலினாலேயே, மயங்கியவன் தான் தெளிவாயிருப்பதாகச் சாதிக்கின்றான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஊர்தி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றரைக் கடக்கும். பிறேக்கை மிதிக்க அரை வினாடி பிந்தினும் 8 மீற்றர் போய்விடும். பாடசாலை வாயிலில் அந்த 8 மீற்றர் ஒரு குழந்தையின் ஆயுளாகலாம்.

1897 இல் இலண்டன் மாநகரில் மதுமயக்கத்தில் வாடகை மோட்டார் ஓட்டிய ஜோர்ஜ் ஸ்மித் என்பவருக்கு 25 சிலிங் தண்டம் விதிக்கப்பட்டது. பணத்தோடு அவ்வழக்கு முடிந்தது. 1903 இல் பிரித்தானியாவில் மோட்டார் ஓட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கச் சட்டம் பிறந்தபொழுது, குற்றவாளியின் பத்திரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அதே சட்டத்தால் நீதிமன்றுக்கு அளிக்கப்பட்டது. வழங்குதலும் வாங்கிக்கொள்ளுதலும் இரட்டைப் பிள்ளைகள் என்க.

இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும், அதன் பின்வந்த திருத்தங்களும் இதற்கு வழிசெய்கின்றன. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது இங்குள்ள வரம்பு. இந்தியாவிலோ 30 மில்லிகிராமே.

‘தண்டப்பணம் போதாதா? பத்திரத்தைப் பறித்தால் குடும்பம் என்னாவது?’ என்பர் சிலர். இவ்வினாவை இகழ்ந்து தள்ளுதல் தகாது. பொத்துவில் முதல் கல்முனை வரை ஒரு வண்டியையே நம்பி உலைவைக்கும் வீடுகள் பல. ஆயினும் இக்கரையோர முஸ்லிம் மக்கள் நாவில் நாளும் பயிலும் ‘அமானிதம்’ என்னும் சொல்லை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளே அமானிதம். வைத்திருப்பவன் அதற்கு உடையவன் அல்லன். சாரதி அனுமதிப்பத்திரமும் அத்தகையதே. வீதியில் நடக்கும் முதியோரும் மாணாக்கரும் தம் உயிரை நம்பி ஒப்படைத்ததன் அடையாளம் அது. நம்பிக்கை பிழைத்தவனிடமிருந்து அதனை மீட்பது பழிவாங்கலாகாது.

மதுவை விலக்கிய மார்க்கம் இம்மண்ணில் உண்டு. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த குறளும் நம்மிடம் உண்டு. இருந்தும், உறவினன் அகப்பட்டால் மட்டும் செல்வாக்குள்ளாரைத் தேடிப் பத்திரத்தை மீட்க ஓடுகின்றோம். பரிவு காட்டும் வழி அதுவன்று. அவன் பிள்ளைகளுக்கு அரிசி கொடுப்போம். அவனுக்கு வேறொரு தொழில் தேடிக் கொடுப்போம். தவணை முடியுமுன் கடிவாளத்தை மட்டும் அவன் கையிற் கொடாதிருப்போம்.