பதிப்புரிமையும் விழிப்புலனற்ற வாசகரும் – ஒரு நோக்கு

பதிப்புரிமை என்பது எழுத்தாளரின் உழைப்பைப் பாதுகாக்கும் ஏற்பாடு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. அக்கருத்துத் தவறன்று, ஆயின் முழுமையானதுமன்று. சட்டம் கட்டுப்படுத்துவது பிரதி செய்தலையே; வாசித்தலை அது கட்டுப்படுத்துவதில்லை. நூலொன்றைப் பெற்றவர் அதனை வாசிப்பதற்கு எவரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை. ஆயினும் இச்சுதந்திரம் அச்செழுத்தைக் கண்ணால் வாசிக்கக்கூடியோருக்கே உரியதாயிருந்து வந்துள்ளது. விழிப்புலனற்றவர் அதே நூலை வாசிப்பதற்கு, அது பிறெயில் எழுத்தாகவோ ஒலிப்பதிவாகவோ கணினிக் கோப்பாகவோ மாற்றப்படுதல் வேண்டும். அவரைப் பொறுத்தவரை பிரதி செய்தலே வாசித்தலின் முன்நிபந்தனையாகின்றது. ஆகவே, பிறருக்கு வணிக விடயமாக மட்டும் இருக்கும் அனுமதி, அவருக்கு வாசிப்பின் வாயிலிலேயே தடையாக நிற்கின்றது.

இதன் விளைவு பாரதூரமானது. வெளியாகும் நூல்களுள் பத்தில் ஒரு பங்கேனும் இத்தகைய வாசகருக்கு எட்டுவதில்லை என உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் சுட்டிக்காட்டி வந்துள்ளது. சந்தை சிறிதாதலின் பதிப்பாளர் இவ்வடிவங்களை வெளியிட முன்வருவதில்லை. வெளியிட முன்வரும் தொண்டு அமைப்புகளோ விதிவிலக்கில்லாத நாடுகளில் ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியே அனுமதி கோர வேண்டியிருந்தது. விதிவிலக்கு இருந்த நாடுகளிலும் அதன் வலு எல்லையோடு முடிந்தது. ஒரு நாட்டில் உருவான பிரதியை அதே மொழி பேசும் இன்னொரு நாட்டுக்கு அனுப்புதல் சட்டச் சிக்கலாயிற்று.

இத்தடையை நீக்கும் நோக்குடன், உலகப் புலமைச் சொத்து அமைப்பின் அனுசரணையில், 2013 யூன் 27ஆம் திகதி மொறோக்கோவில் மரக்கேஷ் உடன்படிக்கை நிறைவேற்றப்பட்டது. இருபது நாடுகள் இணைந்தபின், 2016 செப்ரெம்பர் 30இல் அது நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் அனுமதியின்றி அணுகத்தக்க பிரதிகளை ஆக்கவும், அவற்றை நாடுகளுக்கிடையே பரிமாறவும் உறுப்பு நாடுகள் வழிசெய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். விழிப்புலனற்றோர் மட்டுமன்றி, வாசிப்புக் குறைபாடுடையோரும் உடற்குறைபாட்டால் நூலைக் கையிற் பிடிக்க இயலாதோரும் இதன் பயனாளிகளாவர். அமைப்புகள் இப்பணியை இலாப நோக்கின்றிச் செய்தல் வேண்டும். பிரதிகள் பயனாளிகளுக்கு மட்டுமே வழங்கப்படுதல் வேண்டும். எனவே எழுத்தாளரின் நியாயமான நலன் இங்கு புறக்கணிக்கப்படவில்லை.

தமிழைப் பொறுத்தவரை இவ்வுடன்படிக்கை தனி முக்கியத்துவம் உடையது. 2014இல் இதனை முதன்முதலாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. இலங்கை 2016இல் இணைந்தது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கேற்ப 2022இல் திருத்தப்பட்டது. இந்தியாவில் 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிறெயில் முறையே இலங்கையிலும் கைக்கொள்ளப்படுகின்றது. ஆகவே சென்னையில் ஆக்கப்பட்ட பிறெயில் நூலை யாழ்ப்பாணத்து மாணவரும், யாழ்ப்பாணத்தில் ஆக்கப்பட்டதைச் சென்னை மாணவரும் வாசித்தல் கூடும். எழுத்து ஒன்றாயிருந்தும் எல்லை பிரித்து வைத்த நிலையை மாற்றுவதற்குச் சட்டம் இப்போது இடமளிக்கின்றது.

எனினும் சட்டம் தடையை அகற்றுமேயன்றித் தானாக நூலை ஆக்கித் தராது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்ட கோப்புகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றிற் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவன கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே பதியப்பட்டுள்ளன. திரைவாசிப்பான் அவற்றைப் பொருளற்ற ஒலிக்கோவையாகவே வாசிக்கும். ஒருங்குறிக்கு மாற்றிப் பிழைதிருத்திய பின்னரே அவை வாசிக்கத்தக்கனவாகும். இவ்வுழைப்புக்கு ஆளும் பொருளும் வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களும் தமிழ்ச் சங்கங்களும் இப்பணியை ஏற்பதோடு, தம் வெளியீடுகளை அச்சிடும்போதே ஒருங்குறிக் கோப்பாகவும் பேணுதல் அவசியமாகும்.

கல்வி சமூக உரிமை என நாம் நீண்டகாலமாக வலியுறுத்தி வந்துள்ளோம். அவ்வுரிமை, நூல் கைக்கு எட்டியும் வாசிக்க இயலாதோரையும் உள்ளடக்குதல் வேண்டும். இதுகாறும் அவர்கள் பிறர் தயவில் வாசித்து வந்தனர். அத்தயவை உரிமையாக மாற்றும் சட்ட அடிப்படை இன்று உருவாகியுள்ளது. அதனை நூல்களாக மாற்றும் பொறுப்பு எழுதுவோரையும் பதிப்போரையும் கற்பிப்போரையும் சார்ந்ததாகும்.