களத்துத் தூசியும் மூச்சுத் திணறலும்

குளத்தூர் வட்டாரத்தில் நெல்லும் கடலையும் களத்துக்கு வரும்போது பலருக்குத் தும்மல், வறட்டு இருமல், இரவில் வீசிங் வரும். "சளிதான்" என்று விட்டுவிடுகிறோம். உமித்தூசி, பூஞ்சை, பார்த்தீனியம் மகரந்தம் ஆகியவை மூச்சுக்குழாயை வீங்க வைத்துச் சுருக்குகின்றன. வேலை நாட்களில் கூடி, ஓய்வு நாட்களில் குறைந்தால் அது பெரும்பாலும் தொழில்சார் ஆஸ்துமாதான்.

ஈரம் காயாமல் போர் போட்ட வைக்கோலைப் பிரித்த 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், மூச்சு வாங்கல் வந்தால் அது வேறு நோய். 1932இல் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்ட இதற்கு 'விவசாயி நுரையீரல்' என்று பெயர். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் தழும்பேறும். அந்தச் சேதம் மீளாது.

தடுப்பது எப்படி?

வைக்கோலை நன்கு காயவைத்தே போர் போடுங்கள். காற்றுக்கு முதுகு காட்டித் தூற்றுங்கள். தலைத்துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் அணியுங்கள். குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்குங்கள்.

"இன்ஹேலர் பழகினால் விடமுடியாது" என்பது தவறு. அதன் மருந்து மாத்திரையைவிடக் குறைந்த அளவில், நேராக நுரையீரலுக்கே போகிறது.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் கீரனூர் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.