பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம்: இறக்காமத்திலிருந்து ஒரு கணக்கு

உயர்தர வெட்டுப்புள்ளி வெளிவந்ததும் எமதூரில் ஒவ்வொரு வருடமும் இரண்டு செய்திகள் பரவும். முதலாவது, இன்னாருடைய பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். இரண்டாவது சத்தமில்லாமல் வரும். பிள்ளையை அனுப்ப உம்மாவின் நகை அடகுக்குப் போய்விட்டது என்பது. உயர்தர மாணவர்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பவன் என்ற வகையில் இந்த இரண்டாவது செய்தியை நான் அடிக்கடி கேட்கிறேன். கல்வி இலவசமான நாட்டில் நகை எதற்காக அடகுக்குப் போகிறது? அதைத் தவிர்க்க என்ன வழிகள் இருக்கின்றன? அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எமது அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. செலவாவது தங்குமிடம், சாப்பாடு, பஸ், கணினி, போட்டோ பிரதி போன்றவைதான். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால் இறக்காமத்துப் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம். பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம், ருகுணு என்று கிடைத்தால் கணக்கு மாறிவிடும். போடிங்குக்கு முற்பணம் கட்ட வேண்டும். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு.

இந்தச் செலவுக்காகவே மஹாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியால் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட நம்பிக்கை நிதியம் அது. நீண்டகாலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வருடத்துக்குப் பத்துத் தவணைகள் என்பதால் அந்த உயர்வின்படி மொத்தம் 75,000 ரூபாவாக இருந்தது. திறமை அடிப்படையில் ஒரு பகுதியினரும், குடும்ப வருமானத்தையும் இசட் புள்ளியையும் பார்த்துப் பெரும் பகுதியினரும் தெரிவாகிறார்கள். மஹாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த மாணவர்களுக்குப் பல்கலைக்கழக உதவிப்பணம் உண்டு. இரண்டையும் ஒருவரே பெற முடியாது.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டிய இடம் வருமானச் சான்றிதழ்தான். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். எமது ஊரில் பெரும்பாலான வாப்பாமார் வேளாண்மைக்காரர் அல்லது கூலித் தொழிலாளர். அவர்களிடம் சம்பளச் சீட்டு இல்லை. ஒரு போகம் விளையும், அடுத்த போகம் வெள்ளத்தில் போகும். அதனால் சொந்தக் காணியா குத்தகைக் காணியா, எத்தனை ஏக்கர், இரண்டு போகத்திலும் செலவு போக மிஞ்சியது எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குத்தகை நெல்லையும் உரக் கடனையும் கழிக்காமல், விற்ற நெல்லின் முழுத் தொகையையும் வருமானமாகச் சொல்லி உதவியை இழந்த குடும்பங்கள் உண்டு. குறைத்துப் பொய் சொல்லவும் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம். படித்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் கடிதம், பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு ஆகியவற்றை வெட்டுப்புள்ளி வருமுன்னரே தயார் செய்து வையுங்கள்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஓர் இடைவெளி இருக்கிறது. தெரிவுப் பட்டியல் தயாராகி, பணம் பிள்ளையின் கணக்குக்கு வந்து சேர மாதங்கள் எடுக்கும். ஆனால் போடிங்காரருக்கு முதல் நாளே முற்பணம் வேண்டும். நகை அடகுக்குப் போவது இந்த இடைவெளியில்தான். சில வீடுகளில் அதைவிட மோசமாக நடக்கிறது. "பொம்புளப் புள்ளதானே, ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்பம்" என்று சொல்லி இடத்தையே விட்டுவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளின் நிலை என்ன? அம்பாறை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருந்தும்கூட, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுபவர்கள் பலர். அவர்களுக்கு அட்டாளைச்சேனை தேசிய கல்விக் கல்லூரி இருக்கிறது, பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. அம்பாறை ஹார்டி, சம்மாந்துறை ஆகிய உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவைக் கட்டணமின்றிப் படிக்கலாம். இவற்றைத் தேடிப் பார்க்காமலேயே தனியார் நிறுவனமொன்றுக்கு இலட்சக்கணக்கில் கட்டுவது அவசரம்.

தனியார் பட்டம்தான் வேண்டும் என்றால் 2017 முதல் நடைமுறையில் உள்ள வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் பற்றி அறிந்திருக்க வேண்டும். உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கானது இது. அரசு அங்கீகரித்த நிறுவனங்களில், குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். கடனை அரச வங்கி வழங்குகிறது. மாணவர் வாங்கிய தொகையை மட்டும், படிப்பு முடிந்த பின் தவணையாகத் திருப்பிக் கட்டுவார். வட்டியை அரசாங்கம் வங்கிக்குச் செலுத்துகிறது. அந்த வட்டி எமக்குத் தொடர்புடையதா இல்லையா என்ற மார்க்கக் கேள்விக்கு ஊர் உலமாக்களிடம் இந்த விபரத்தை அப்படியே சொல்லித் தெளிவு பெறுங்கள். பெயரில் "வட்டியில்லா" என்று இருக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது, வங்கி என்ற சொல்லைக் கேட்டதும் ஓடவும் கூடாது.

இனி எமது பொறுப்புக்கு வருவோம். இந்தக் கரைக்கு இது புதிய விடயமல்ல. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஆரம்பமானது. அதே ஆண்டில் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். திறமை இருந்தும் பணமின்றி நின்றுவிடும் பிள்ளைகளைக் கண்டு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அந்த அனுபவத்தை நாடு முழுவதற்கும் விரித்து, 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியம் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டது. இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே 1945இல்தான். அரசு கட்டணத்தை நீக்கினாலும் பிள்ளையின் சோற்றுக்கும் படுக்கைக்கும் யாரோ கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை விளங்கி வைத்திருந்தது.

இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்பு நாடுகள் அல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்காக 1983இல் தொடங்கிய திட்டமும் இதே சிந்தனையில் உருவானதுதான். மாணவர் பெறுவது வட்டியில்லாக் கடன். உழைக்கத் தொடங்கியதும் அவர் திருப்பிக் கொடுப்பது தனது நாட்டுச் சமூகத்தின் நிதிக்கு. அடுத்த பிள்ளை அதில் படிக்கும்.

இதை இறக்காமத்தில் ஜும்ஆப் பள்ளிவாசல் மட்டத்தில் செய்யலாம். கணக்கைப் பாருங்கள். 2025இல் அரசு அறிவித்த நாட்டு நெல்லின் உத்தரவாத விலை கிலோவுக்கு 120 ரூபா. 65 கிலோ மூடை என்று எடுத்தால் 7,800 ரூபா. அதாவது 2025இல் ஒரு மூடை நெல் ஏறத்தாழ ஒரு மாத மஹாபொலவாக இருந்தது. பெரும்போக அறுவடையில் ஐம்பது பேர் ஆளுக்கொரு மூடை கொடுத்தால் 390,000 ரூபா. மஹாபொல வரும்வரை ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம், மாதம் 7,500 வீதம் 45,000 ரூபா. எட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் 30,000 ரூபா மிஞ்சும்.

ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். விளைச்சல் ஸக்காத்தையும் இந்த நிதியையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஸக்காத் ஏழையின் உரிமை, அதைக் கடனாகக் கொடுத்துத் திருப்பிக் கேட்பது முறையல்ல. ஸக்காத் பெறத் தகுதியான குடும்பத்துப் பிள்ளைக்கு அதை உரிமையாகவே கொடுத்துவிட வேண்டும். ஸதகாவாக வரும் நெல்லையும் பணத்தையும் தனிக் கணக்கில் வைத்து, அதிலிருந்து கர்ழ் ஹஸன் கொடுக்கலாம். மஹாபொல நிலுவை வந்ததும் அல்லது தொழில் கிடைத்ததும் பிள்ளை திருப்பிச் செலுத்தட்டும். யாருக்குக் கொடுத்தோம் என்பதை ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது என்பதை மட்டும் போகத்துக்கு ஒரு தடவை பள்ளிவாசல் பலகையில் ஒட்டினால் போதும்.

இதற்குப் பெரிய சங்கம் தேவையில்லை. நம்பிக்கையாளர் சபையிலிருந்து ஒருவர், ஓர் ஆசிரியர், ஒரு பெண் பட்டதாரி, கணக்குத் தெரிந்த ஒருவர் என நால்வர் போதும். பெண் பட்டதாரி ஒருவர் இருந்தால்தான் உம்மாமார் வாய் திறந்து தேவையைச் சொல்வார்கள். அடுத்த அறுவடை இயந்திரம் வயலில் இறங்குமுன் அந்த நால்வரின் பெயரையும் நாம் தீர்மானித்துவிட்டால், அடுத்த வெட்டுப்புள்ளி வரும்போது எந்த உம்மாவும் அடகுக் கடை வாசலில் நிற்க வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்.