இலத்தீன் தொடக்கநிலைச் சொற்றொகையும் உரோமரின் இல்வாழ்க்கையும்: தமிழ்வழிக் கற்றல் குறித்து ஒரு நோக்கு

1. முன்னுரை

பெங்களூரு மாநகரின் வடகிழக்குப் பகுதியிலுள்ள லிங்கராஜபுரத்தில் தமிழ்க் குழந்தையொன்று அண்டை வீட்டாரை ‘அங்கிள்’ என்றும் ‘ஆண்ட்டி’ என்றும் அழைப்பது இயல்பான வழக்கு. அதே குழந்தை தன் வீட்டினுள் மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா எனும் பெயர்களை மயக்கமின்றி வேறுபடுத்தி வழங்குகிறது. தெருவில் அது கேட்கும் கன்னடத்திலும் மாவ, சிக்கப்ப, தொட்டப்ப, அத்தெ, சிக்கம்ம, தொட்டம்ம என இவ்வேறுபாடுகள் நிலைபெற்றுள்ளன. இக்குழந்தை வளர்ந்து இலத்தீன் கற்க முற்படுமாயின், அதற்குக் கிட்டும் தொடக்கநிலை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலவழி நூல்களே. தந்தையின் உடன்பிறந்தானையும் தாயின் உடன்பிறந்தானையும் இருவேறு சொற்களால் குறிக்கும் இலத்தீன் மொழியை, அவ்விருவரையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆங்கிலத்தின் வழியாக, அவ்விருவரையும் வேறுபடுத்தும் தமிழர் கற்க நேர்கிறது. தன்னிடமுள்ள நுட்பத்தை வழியில் இழந்துவிட்டு, பின்னர் விளக்கக் குறிப்புகளால் அதனை மீட்டுக்கொள்ளும் நிலை இது.

தொடக்கநிலை மாணவருக்குத் தரப்படும் ஒவ்வொரு பொருள்விளக்கமும் ஒரு மொழிபெயர்ப்பு முடிபாகும். அம்முடிபு தமிழிலிருந்தே மேற்கொள்ளப்படுதல் வேண்டும் என்பதும், உரோமரின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லோடு சேர்த்துக் கற்பித்தாலன்றி அது செம்மையுறாது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். இலத்தீன் சொற்கள் இங்குச் செவ்விய கால ஒலிப்பை ஒட்டித் தமிழெழுத்தில் தரப்படுகின்றன.

2. தமிழுக்கு இலத்தீன் ஏன்?

தமிழ் இலக்கண ஆய்வின் வரலாற்றில் இலத்தீனுக்குத் தனியிடம் உண்டு. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஆலே நகரில் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் (1680–1747) கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் வகுத்தார்; திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். காரல் கிரவுலின் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் கூடிய திருக்குறட் பதிப்பு 1865இல் லைப்சிக்கில் வெளிவந்தது. புதுச்சேரியில் 1846இல் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி ஒன்றும் அச்சிடப்பட்டது.

இந்நூல்களை இன்றைய தமிழ் ஆய்வாளர் பெரும்பாலும் ஆங்கில வடிவிலேயே அணுகுகின்றனர். வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் 1822இல் ஆங்கிலத்தில் பெயர்த்தமை இதற்கு வாய்ப்பளித்தது. தமிழைப் பற்றிய ஓர் இலத்தீன் கூற்றைத் தமிழர் ஆங்கிலத்தின் வாயிலாக அறியும்போது இருமுறை மொழிபெயர்ப்பு நிகழ்கிறது. மூலத்தை நேரே படிக்கும் ஆற்றல் தமிழ் மொழியியலாருக்கு ஓர் அடிப்படைத் தேவை எனலாம்.

மொழியமைப்பு நிலையில் இம்முயற்சி எண்ணுமளவு கடினமன்று. இலத்தீன் பெயர்கள் வேற்றுமை உருபேற்பன. வினைமுற்று தன்மை, முன்னிலை, படர்க்கையை ஈற்றால் உணர்த்துவது. ‘அமோ’ என்னும் ஒரு சொல்லுக்கு ‘விரும்புகிறேன்’ என்னும் ஒரு சொல்லே நிகராக அமைகிறது. ஆங்கிலத்திற்கோ எழுவாயைத் தனிச்சொல்லாகக் கூறுதல் இன்றியமையாதது. வினை இறுதியில் நிற்கும் தொடரும் தமிழருக்குப் புதிதன்று. உயிரற்ற பொருள்களும் ஆண்பால், பெண்பால் எனப் பகுக்கப்படும் இலக்கணப் பாகுபாடே திணையடிப்படையில் பால் பகுக்கும் தமிழருக்குத் தனிப்பயிற்சி வேண்டும் இடமாகும்.

3. உறவுப்பெயர்கள்

இலத்தீனில் தந்தையின் உடன்பிறந்தான் ‘பத்ருவுஸ்’. தாயின் உடன்பிறந்தான் ‘அவுங்குலுஸ்’. தந்தையின் உடன்பிறந்தாள் ‘அமித்தா’. தாயின் உடன்பிறந்தாள் ‘மாத்தெர்த்தெரா’. இந்நான்கிற்கும் முறையே பெரியப்பா அல்லது சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா அல்லது சித்தி எனத் தமிழில் நேரே பொருள் கூறலாம். மூத்தோர், இளையோர் என்னும் வேறுபாட்டை இலத்தீன் சொல் தானாக உணர்த்துவதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனைச் சூழலிலிருந்து உய்த்துணர வேண்டும்.

ஆங்கிலச் சொற்களின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. ‘அங்கிள்’ என்பது பிரெஞ்சு வழியாக வந்த ‘அவுங்குலுஸ்’. ‘ஆண்ட்டி’ என்பதன் மூலமான ஆங்கிலச் சொல் ‘அமித்தா’வின் வழிவந்தது. தாய்மாமனைக் குறித்த சொல் தந்தைவழி உறவினனையும், தந்தையின் உடன்பிறந்தாளைக் குறித்த சொல் தாய்வழி உறவினளையும் தழுவிப் பொருள் விரிந்தன. ஆகவே லிங்கராஜபுரத்துக் குழந்தை அயலாரை ‘அங்கிள், ஆண்ட்டி’ என விளிக்கும்போது, சொற்பிறப்பின்படி அது ‘மாமா, அத்தை’ என்றே விளிக்கிறது. தமிழர் அயலாரை அழைக்கப் பயன்படுத்தும் உறவுப்பெயர்களுள் இவ்விரண்டும் இடம்பெறுதல் குறிப்பிடத்தக்கது.

எனினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து கொண்டுசெல்லுதல் தகாது. தமிழில் மாமாவும் அத்தையும் கணவன் மனைவியராக அமைவதும், மாமா என்பது மாமனாரையும் குறிப்பதும் மணமுறையோடு இயைந்த வழக்குகள். இலத்தீனில் மாமனார் ‘சொக்கெர்’ எனும் வேறு சொல்லால் குறிக்கப்படுகிறார். மணவிலக்குகளும் மாறுபட்டன. கி.பி. 49இல் பேரரசன் கிளாடியுஸ் தன் உடன்பிறந்தான் மகளாகிய அக்ரிப்பினாவை மணந்தபின், உடன்பிறந்தான் மகளை மணத்தல் உரோமச் சட்டத்தில் ஏற்கப்பட்டது. உடன்பிறந்தாள் மகளை மணத்தல் ஏற்கப்படவில்லை எனச் சட்ட அறிஞர் காயுஸ் பதிவு செய்துள்ளார். தமிழகத்திலும் கருநாடகத்திலும் வழங்கிய முறை இதற்கு நேர்மாறானது: அக்காள் மகள் மணத்தற்குரியவள், அண்ணன் மகளோ மகள் முறையினள். ‘அவுங்குலுஸ்’ என்பதற்கு ‘மாமா’ எனப் பொருள் எழுதும் ஆசிரியர், அச்சொல் மணவுரிமை எதனையும் சுட்டாது என ஒரு வரி சேர்த்தல் வேண்டும்.

4. வீடும் வீட்டாரும்

தொடக்கநிலைப் பட்டியல்களில் முதலில் இடம்பெறும் ‘ஃபமிலியா’ என்பதைக் ‘குடும்பம்’ என்றெழுதுதல் எளிது. ஆயினும் அது முழுப்பொருளன்று. இச்சொல் அடிமை எனப் பொருள்படும் ‘ஃபமுலுஸ்’ என்பதோடு தொடர்புடையது. வீட்டுத்தலைவனின் ஆட்சிக்குட்பட்ட மக்கள், அடிமைகள், சொத்து ஆகிய அனைத்தையும் அது தழுவவல்லது. அடிமைகளை மட்டும் குறித்தும் வரும். தலைவனாகிய ‘பாத்தெர் ஃபமிலியாஸ்’ உயிரோடிருக்கும்வரை, விடுவிக்கப்படாத மகன் தானே தந்தையாகிய பின்னரும் சட்டப்படி சொந்தச் சொத்துடையவனாகக் கருதப்படவில்லை. தமிழ்க் கூட்டுக்குடும்பத்தின் சாயல் இதில் தென்படினும், இரண்டும் ஒன்றல்ல.

‘செர்வுஸ்’ என்பதன் பொருள் ‘அடிமை’ என்பதே. மாணவர் நூல்களில் இதனை ‘வேலைக்காரன்’ என மென்மைப்படுத்தினால், விலைக்கு வாங்கி விற்கப்பட்ட மனிதரின் நிலை மறைக்கப்படுகிறது; கூலி பெற்று உழைப்பவரோடு அவர் ஒன்றாக எண்ணப்படுகிறார். பாடத்தில் வரும் ‘செர்வுஸ்’ சிரித்த முகத்துடன் உணவு பரிமாறினும் அச்சொல்லின் பொருள் மாறுவதில்லை. விடுதலை பெற்றவர் ‘லீபெர்த்துஸ்’ எனப்பட்டார். அவரும் முன்னாள் உரிமையாளராகிய ‘பாத்ரோனுஸ்’ என்பவருக்குச் சில கடமைகள் ஆற்றவேண்டியவராகவே இருந்தார்.

வீட்டமைப்பைப் பொறுத்தவரை, ‘ஆத்ரியும்’ என்பதற்கு ‘முற்றம்’ எனும் சொல் பெரிதும் பொருந்துகிறது. கூரையின் நடுத்திறப்பு வழியாக விழும் மழைநீர் ‘இம்ப்ளுவியும்’ எனும் தொட்டியில் சேர்ந்தது. செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றத்தைக் கண்டவருக்கு இதனை விளக்கப் படமும் வேண்டா. எனினும் செல்வர் வீட்டு ‘ஆத்ரியும்’ காலையில் சார்ந்துவாழ்வோர் வந்து வணங்கி நிற்கும் பொதுவிடமாகவும் விளங்கியது. இவ்வீடுகள் செல்வர்க்கே உரியன. உரோமை நகர மக்களுட் பலர் ‘இன்சுலா’ எனும் பன்மாடி வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ‘இன்சுலா’வுக்குத் தீவு என்பதே நேர்ப்பொருள்.

5. தமிழில் வாழும் இலத்தீன் சொற்கள்

தமிழர் அறியாமலே இலத்தீன் சொற்கள் சில போர்த்துகீசியம் வழியாக அவர்தம் வீட்டினுள் புகுந்துள்ளன. ‘மென்சா’ போர்த்துகீசியத்தில் மேசாவாகித் தமிழில் மேசையாயிற்று. ‘கிளாவிஸ்’ சாவே ஆகிச் சாவியாயிற்று. கதவு எனப் பொருள்படும் ‘யானுவா’வின் குறுமை வடிவம் ஜனேலாவாகி நம்மிடம் சன்னல் என வழங்குகிறது. ஆகவே சன்னல் சொற்பிறப்பால் ‘சிறுகதவு’. செவ்விய இலத்தீனில் சன்னலுக்குரிய சொல் ‘ஃபெனெஸ்த்ரா’. ஈழத்தமிழில் வழங்கும் பாண், ரொட்டியைக் குறிக்கும் ‘பானிஸ்’ என்பதன் வழித்தோன்றல். பள்ளியாசிரியனைக் குறிக்கும் ‘மகிஸ்தெர்’ போர்த்துகீசிய மேஸ்த்ரே வழியாகக் கட்டட வேலைத் தலைவராகிய மேஸ்திரியானார்.

இச்சொற்கள் நினைவிற்கு நல்ல துணை. ஆயின் பொருளுக்கு முழுத்துணை ஆகா. உரோமச் செல்வர் ‘திரிக்கிளீனியும்’ எனும் உணவறையில் மூன்று சாய்படுக்கைகளில், இடமுழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடி உண்டனர். ‘மென்சா’ அவற்றின் நடுவே வைக்கப்பட்டது. அச்சொல் உணவின் ஒரு சுற்றையும் குறித்தது: ‘இரண்டாம் மென்சா’ என்றால் இறுதியில் வரும் கனியும் இனிப்புமாகும். காசு மாற்றுவோரின் பலகைக்கும் அதுவே பெயர். ‘இரண்டாம் மேசை’ என மொழிபெயர்ப்பவர் சொல்லறிந்தும் பொருள் இழக்கிறார்.

6. பொழுதும் ஊணும்

‘ஹோரா’ என்பதை ‘மணி’ எனல் வழக்கு. உரோமரோ கதிரெழுச்சிமுதல் மறைவுவரை உள்ள பகலைப் பன்னிரண்டாகப் பகுத்தனர். எனவே உரோமை நகரில் ஒரு ‘ஹோரா’ குளிர்கால நடுவில் ஏறத்தாழ 45 நிமிடமாகவும் கோடைகால நடுவில் ஏறத்தாழ 75 நிமிடமாகவும் இருந்தது. நாளை அறுபதாகப் பகுத்த நமது நாழிகையோ 24 நிமிட அளவினது. தமிழ்ச் சோதிட வழக்கிலுள்ள ‘ஓரை’ இவ்விடத்தில் கருதத்தக்கது. ‘ஹோரா’வும் ‘ஓரை’யும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழியின, இரண்டும் கதிரெழுச்சியிலிருந்து எண்ணப்படுவன. நீள அளவு மாறுவதை மட்டும் குறிப்பிட்டு ‘ஓரை’ என்றே வழங்கலாம் என்பது எம் பரிந்துரை.

‘கேனா’ என்னும் தலைமை உணவு பொதுவாக ஒன்பதாம் ஓரையையொட்டி, அதாவது பிற்பகலில், தொடங்கியது. இதனை ‘இரவு உணவு’ என்றெழுதிவிட்டால், விருந்தினர் வெயிலில் வந்துசேரும் காட்சி மாணவருக்கு முரண்பாடாகத் தோன்றும். ‘பேருணவு’ என்பது பொருந்தும். ‘ஒன்பதாம் ஓரை’யை ‘ஒன்பது மணி’ எனல் அதனினும் பெரும்பிழை. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் இதே சிக்கலுக்கு இருவகைத் தீர்வுகள் உள்ளன: பழைய மொழிபெயர்ப்பு மூலத்தின் எண்ணை அப்படியே காக்கிறது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அதனை இன்றைய பிற்பகல் மணிக்கு மாற்றித் தருகிறது. முன்னது பண்பாட்டைக் காக்கிறது. பின்னது படிப்பவருக்கு உதவுகிறது. கற்பித்தல் நூலுக்கு இரண்டும் வேண்டும்.

7. காசும் மிளகும்

லிங்கராஜபுரத்து மாணவர் உரோமரின் அன்றாடப் பொருளொன்றைப் பற்றிப் படிக்க நெடுந்தொலைவு கருத வேண்டியதில்லை. அதே நகரின் யசுவந்தபுரத்தில் 1891இல் உரோம வெள்ளிக்காசுகள் கண்டெடுக்கப்பட்டன. உரோம வெள்ளிக்காசின் பெயர் ‘தேனாரியுஸ்’. பத்து எனும் எண்ணடியாகப் பிறந்தது. தொடக்கத்தில் பத்துச் செப்புக்காசுக்கு நிகராயிருந்து, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பதினாறுக்கு நிகராக்கப்பட்ட பின்னரும் அதன் பெயர் மாறவில்லை. வடமொழித் ‘தீனாரம்’ இச்சொல்லின் வழித்தோன்றலே.

அக்காசு வாங்கிய பொருள்களுள் தலையாயது ‘பிப்பெர்’. முதல் நூற்றாண்டினரான பிளினி ஓர் உரோம இராத்தலுக்கு வால்மிளகன்று, திப்பிலி 15 தேனாரியுஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4 என விலை தருகிறார். ‘பிப்பெர்’ என்பதற்கு ‘மிளகு’ எனப் பொருள் எழுதுதல் சரியே. ஆயினும் அச்சொல்லின் மூலம் திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலீ’ எனும் வடசொல். தமிழ்த் ‘திப்பிலி’யும் அதனோடு உறவுடையதே. ஒன்றின் பெயர் மற்றொன்றுக்குச் சென்ற இச்செய்தியை ஒரு தமிழ்ச் சொற்பட்டியல் ஒரே வரியில் கூறிவிட இயலும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ்வழி இலத்தீன் சொற்பட்டியலுக்குரிய நெறிகள் சிலவற்றை வகுக்கலாம். முதலாவது, பொருள்விளக்கம் இலத்தீனிலிருந்து தமிழுக்கு நேரே அமைதல். உறவுப்பெயர்களில் இதன் பயன் வெளிப்படை. இரண்டாவது, ஒத்த சொல் கிட்டும்போது ஒவ்வாத கூறையும் உடன் சுட்டுதல். முற்றம், மாமா, ஓரை என்பன இதற்குச் சான்று. மூன்றாவது, வன்மையான பொருளை மென்மைப்படுத்தாமை, ‘செர்வுஸ்’ அடிமையே. நான்காவது, மேசை, சாவி போன்ற வழிவந்த சொற்களை நினைவுத்துணையாக மட்டும் கொள்ளுதல்.

இத்தகைய பட்டியலொன்று சில நூறு சொற்களோடு அமையினும், வீரமாமுனிவரின் இலக்கணத்தைத் தமிழர் மூலமொழியிலேயே படிக்கும் பாதைக்கு அது முதற்படியாகும். உறவுப்பெயர்களைப் பொறுத்தவரை, லிங்கராஜபுரத்துக் குழந்தை அதற்கு வேண்டிய நுட்பத்தை வீட்டிலேயே பெற்றுள்ளது. பாடநூல் அதனைப் பறிக்காதிருத்தல் போதும்.