வேட்டை றைபிளும் கைநிறைத் தோட்டாவும்

குறி தவறாமையை வேட்டைக்காரனின் கண்ணுக்குரிய திறனாகக் கொள்வதே வழக்கு. உழைப்பின் வரலாற்றில் வைத்து நோக்குமிடத்து, அது குண்டை நிரப்பும் கையின் திறனுமாகும் என நாம் கருதுகின்றோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜேர்மானியக் குடியேறிகள் நெடுங்குழல் றைபிளைச் செய்தனர். அதற்கு ஈயத்தை உருக்கி வார்த்தவனும் மருந்தை அளந்தவனும் வேட்டைக்காரனே. குழலின் விட்டத்திலும் சற்றுச் சிறிய குண்டை நெய்ப்பூசிய துணியிற் பொதிந்து இறக்குவான். குழலினுள்ளே வெட்டப்பட்ட திருகுவரிகளைத் துணி பற்றுவதால் குண்டு சுழன்று நேரே செல்லும். ஆயின் நிரப்புவதற்கு நேரமெடுக்கும். விரைந்து சுடவேண்டிய படைகள் வரியற்ற குழலையே நெடுங்காலம் விரும்பியமைக்குக் காரணம் இதுவே. 1849இல் பிரான்சியரான மினியே அமைத்த அடிக்குழிவுடைய குண்டு இம்முரண்பாட்டைத் தீர்த்தது: எளிதில் இறங்கிற்று, வெடிக்கையில் விரிந்து வரிகளைப் பற்றிற்று. (றைபிளின் வரலாற்றை 1860-61இல் ஏங்கெல்ஸ் கட்டுரைத் தொடராக எழுதியமை நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.)

பின்னர் தோட்டா ஆலைச் சரக்காயிற்று. ஆலை எல்லா றைபிள்களுக்கும் பொதுவாகச் செய்கின்றது. இன்று தானே தோட்டா நிரப்பும் வேட்டைக்காரனோ தன் ஒரு றைபிளுக்கென அதனைப் பொருத்துகின்றான். அவன் நாடுவது மிகுதியான மருந்தையன்று. ஒவ்வொரு தோட்டாவிலும் மாறாத அளவையும் குண்டு அமரும் ஆழத்தையுமே. எனினும் பித்தளைக் கூடு, மருந்து, குண்டு, தராசு ஆகிய யாவற்றையும் அவன் அதே சந்தையில்தான் வாங்குகின்றான்.