நமக்குள் குடியேறிய வைரஸ்கள்

வைரஸ் என்றால் சளி, அம்மை என்று வெளியிலிருந்து வந்து, சில நாள் தொல்லை கொடுத்துவிட்டுப் போகும் கிருமி என்றே நினைக்கிறோம். வந்தது போகாமல் தங்கிவிட்டால்?

அப்படியும் நடந்திருக்கிறது. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2001-ஆம் ஆண்டு வெளியானது. அதில் சுமார் 8 சதவீதம், ரெட்ரோவைரஸ் என்னும் இனத்தின் பழைய மிச்சம் என்று தெரிந்தது. நம் உடலின் புரதங்களுக்கான குறிப்புகளோ 2 சதவீதம்கூட இல்லை!

எய்ட்ஸ் கிருமியும் ரெட்ரோவைரஸ்தான். இந்த இனம் தன்னை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொண்டு, நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்துவிடும். விந்தணுவிலோ கருமுட்டையிலோ இப்படி நுழைந்தால், பிறக்கும் பிள்ளையின் எல்லாச் செல்களுக்கும் அது வந்து சேரும். பிறகு தலைமுறை தலைமுறையாக இறங்கும். நமக்கு இது நேர்ந்தது பல லட்சம், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆஸ்திரேலியாவின் கோவாலா விலங்குகளில் இன்றும் நடக்கிறது. அவற்றுக்கு ரத்தப் புற்றுநோயும் வருகிறது.

நம்மிடம் தங்கியவை பெரும்பாலும் சிதைந்து உறங்குகின்றன. ஆனால் ஒன்று பெரிய உபகாரம் செய்கிறது. வைரஸ் நம் செல்லோடு ஒட்டிக்கொள்ள வைத்திருந்த புரதம் இன்று 'சின்சிட்டின்' என்ற பெயரில், கருவுக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடி உருவாக உதவுகிறது. இது 2000-ஆம் ஆண்டு தெரியவந்தது.

உறங்குபவை விழித்தால்? நரம்பின் உறையை உடலே தாக்கும் 'மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' நோயாளிகளின் மூளையில் இத்தகைய வைரஸ் புரதம் காணப்பட்டிருக்கிறது. தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயிலும் வேறொரு பழைய வைரஸ் விழித்திருப்பதாக 2015-இல் ஓர் ஆய்வு கூறியது. பின்னர் தேடிய வேறு குழுக்களுக்கு அது கிடைக்கவில்லை. விழித்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் விழித்ததா என்பதே கேள்வி. எனவே இவை சந்தேகத்துக்குரியவையே தவிர, குற்றம் நிரூபிக்கப்பட்டவை அல்ல.

நம் வீடுகளில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால், "அது அவர்கள் வம்சத்தில் உள்ளது" என்று சம்பந்தி வீட்டைக் கைகாட்டும் வழக்கம் உண்டு. இந்த வைரஸ்களை வைத்து அப்படிச் சொல்ல வழியில்லை. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெண் வீட்டாருக்கும் பிள்ளை வீட்டாருக்கும், உலகில் உள்ள எல்லாருக்கும் பொதுச் சொத்து. இவை தொட்டால் தொற்றுவதும் இல்லை. கை கால் மரத்துப்போதல், பார்வை மங்கல், காரணமின்றித் தசை தளர்தல் போன்றவை தெரிந்தால், பரம்பரையை ஆராய்வதை விட்டு, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.