அம்மாவின் சீட்டும் பின் புஷ்ஷும்

84 வயதாகும் என் அம்மாவுக்குக் காரில் எங்கே எது இருக்கிறது என்று தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. ஆனால் முன்சக்கரங்களுக்குப் புதுப் பாகங்கள் போட்டு வந்த மறுநாள், குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியதும், வாசலில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பழசே கொள்ளாம்." எங்கள் பக்கத்தில் 'கொள்ளாம்' என்றால் தேவலாம் என்று அர்த்தம். கணிசமாகப் பணம் செலவழித்துவிட்டு வந்திருந்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

12 வயதான சின்ன டீசல் கார். 93,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கினால் இடது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கும். முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் சீவி எடுத்தாற்போல் தேய்ந்திருந்தது. இப்படிச் சத்தம் வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது "ஷாக் போயிருக்கும்" என்பதுதான். என் காரில் ஷாக் அப்சார்பர் நன்றாகவே இருந்தது. போனது லோயர் ஆர்ம் புஷ்.

இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரம் நிற்பது, எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த அமைப்பில். 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரோடு அது பரவியது. மேலே ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரு தூண். கீழே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஓர் இரும்புக் கை. அந்தக் கைதான் லோயர் ஆர்ம். ஆங்கில 'எல்' எழுத்துபோல வளைந்திருக்கும். வெளி முனையில் பால் ஜாயின்ட். உள்பக்கம் இரண்டு இடங்களில் காரின் உடலோடு சேர்கிறது. அங்கே இரும்போடு இரும்பு முட்டாமல் நடுவே இருப்பது ரப்பர் புஷ்.

ரப்பர் எனக்குப் புதிதல்ல. அப்பா பால்வெட்டுக்காரர். விடிவதற்கு முன் சிரட்டை சிரட்டையாகப் பால் சேர்த்து, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைப்புரையில் தொங்கவிடுவார். மரத்திலேயே காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து உரித்து உருட்டினால் எங்களுக்குப் பந்து. பிறகு 30 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். இருந்தும் காரின் அடியில் இருக்கிற ஒரு கைப்பிடி ரப்பர் என்ன செய்கிறது என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவந்தது.

புஷ்ஷில் வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய். இரண்டுக்கும் நடுவே ரப்பரை வார்த்து ஒட்டவைத்திருப்பார்கள். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது குழாய்க்குள் எதுவும் வழுக்குவதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு, பிறகு பிரிகிறது. அதனால்தான் கிரீஸ் வேண்டாம், சத்தமும் இல்லை.

ஆர்மில் இருக்கும் இரண்டு புஷ்ஷுக்கும் ஒரே வேலை கிடையாது. என் காரில் முன் புஷ் பால் ஜாயின்டுக்கு ஏறக்குறைய நேர் எதிரே இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு இழுப்பை அதுதான் தாங்கும். ஸ்டியரிங் துல்லியமாக இருப்பதும் தொளதொளப்பதும் அதன் கையில். பின் புஷ் பெரியது. சக்கரம் குழியின் விளிம்பில் இடிக்கும்போது சில மில்லிமீட்டர் பின்னோக்கி ஒதுங்க வேண்டும். அப்படி ஒதுங்க இடம் கொடுப்பது பின் புஷ். 1946இல் மிஷ்லான் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் பரவிய பிறகு இந்த ஒதுங்கல் இன்னும் அவசியமாகிவிட்டது. அந்த டயரின் எஃகுப் பட்டை குழியின் அடியைத் தானே விழுங்காமல் பின்னால் தள்ளிவிடும்.

பின் புஷ்ஷின் ரப்பரில் பிறைவடிவத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கிழிந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். வேண்டுமென்றே விட்ட வெற்றிடமாம். வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது: ரப்பரை அமுக்கினால் வடிவம்தான் மாறும், கன அளவு குறையாது. நான்கு பக்கமும் அடைத்து வைத்து அமுக்கினால் ரப்பரும் கல்லுதான். பிதுங்க ஓர் இடம் இருந்தால்தான் அது மெத்து. அந்த ஓட்டை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் மெத்து கிடைக்கும்.

இது எதுவும் தெரியாமல்தான் அண்ணன் மகன் பேச்சைக் கேட்டேன். பெங்களூரில் வேலை; கார் பைத்தியம். "அத்தை, நாலு புஷ்ஷும் பாலியூரித்தேன் போடுங்க. அப்படியே லேசான ஆர்மும் மாத்திடுங்க. இனிமே காலத்துக்கும் தேயாது" என்றான். கடினத்தை அளக்கும் ஷோர் என்ற அளவில் ரப்பர் புஷ் 50, 60 என்று நிற்கும். நான் வாங்கிய மஞ்சள் நிறப் புஷ்ஷின் டப்பாவில் 90 என்று போட்டிருந்தது. பெரிய எண்ணைக் கண்டால் நல்லது என்று நினைக்கிற புத்தி, மார்க் ஷீட் திருத்தித் திருத்தி வந்ததோ என்னவோ. வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்துப் போட்டுவிட்டேன்.

ஸ்டியரிங் பிரமாதமாக இருந்தது. தக்கலைப் பக்கத்து வளைவுகளில் நினைத்த கோட்டில் போனது. ஆனால் ரோட்டில் சிதறிய ஜல்லி ஒவ்வொன்றும் சீட்டுக்குத் தெரிந்தது. கார் மேலும் கீழும் ஆடுவது நொடிக்கு ஒன்றரைத் தடவைக்குள். அது ஸ்பிரிங், ஷாக் சமாசாரம். அதில் மாற்றமில்லை. நொடிக்கு 20க்கு மேல் போகும் 'கிர்ர்' அதிர்வுதான் கூடியிருந்தது. அதை வழியிலேயே வடிகட்டி வந்தது பின் புஷ்ஷின் மெத்து. மஞ்சள் புஷ்ஷில் அந்தப் பிறை ஓட்டையும் இல்லை. அம்மாவின் இடுப்பு இதையெல்லாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது.

கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக்கிடமே போனேன். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"டீச்சர், முன் புஷ்ஷு அப்படியே கெடக்கட்டும். பின்னால உள்ளத மட்டும் கழத்திட்டு கம்பெனி ரப்பர் போடுவோம்."

"பாதி அது, பாதி இதா மக்ளே?"

"ரெண்டும் ஒரே வேலயா பாக்குது?"

கேள்வி கேட்டே பழகிய எனக்கு அது பதில் சொல்லத் தெரியாத கேள்வி.

ஆனால் பிறகு, முன் புஷ்ஷுக்கும் 90 கூடுதல் என்று 75இல் வேறொன்று வரவழைத்தார். சக்கரம் பின்னோக்கி ஒதுங்கும்போது ஆர்ம் முன் புஷ்ஷைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அது அடியோடு இறுகிக்கொண்டால் பின் புஷ் மெத்தாக இருந்தும் புண்ணியமில்லை. பாலியூரித்தேன் ஒட்டவைத்ததல்ல, உள்குழாயின் மேல் வழுக்குவது. அதனால் அதோடு வரும் சிலிகான் கிரீஸைத் தாராளமாகப் பூச வேண்டும். இல்லாவிட்டால் 'கீச் கீச்'. அந்தச் சத்தத்தையும் இரண்டு மாதம் கேட்டாயிற்று.

ரப்பர் புஷ் போடுவதில் நான் கவனித்துப் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சுத்தியலால் அடிக்கவில்லை, ஓட்டையின் திசைக்கு ஆர்மில் கோடு கிழித்து வைத்துக்கொண்டு பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றினார். ஆர்மைக் காரில் மாட்டியதும் போல்ட்டை முறுக்குவார் என்று பார்த்தால், கையால் மட்டும் திருகிவிட்டு ஜாக்கியை இறக்கினார். சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, கார் தன் எடையில் தானே நிற்கும்போதுதான் உள்ளே புகுந்து இறுக்கினார். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கிய நிமிடத்திலிருந்து அது முறுக்கிய நிலையிலேயே வாழ வேண்டும். சவாரியும் விறைக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். முன்பு 60,000இல் மாற்றிய புஷ் நீடிக்காமல் போனது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த லேசான ஆர்ம்? அதை விற்றுவிட்டேன். ஆர்மின் ஒரு முனை காரிலேயே மாட்டியிருப்பதால் அதில் குறையும் கனத்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அம்மாவின் சீட்டுக்கு ஒன்றும் வராது. பழைய தகட்டு ஆர்ம் வளையாமல், துருவேறாமல் இருந்தது, அதுவே போதும். வளைந்த ஆர்மைச் சுடவைத்து நிமிர்த்தித் தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் போகக் கூடாது. முதல்முறை புஷ் மாற்றுகிறவர்கள் பக்கத்தில் பிரஸ் இல்லையென்றால் புஷ்ஷும் பால் ஜாயின்டும் சேர்ந்து வரும் முழு ஆர்மையே வாங்குவது மேல்.

லிங்க் ராடும், தூணின் தலையில் இருக்கும் மவுண்ட்டும் மாறின. வீல் அலைன்மெண்ட் முடிந்தது. டயர் காற்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு இறங்கியது. பெட்ரோல் பங்க்கில் கேட்காமலே 40 பி.எஸ்.ஐ. ஏற்றிவிடுவார்கள், அதை வைத்துக்கொண்டு புஷ்ஷைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த அளவுப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். எங்கள் தெருமுனையில் இருப்பது ஒரு செங்கல் அகலம். அதற்கு எந்தப் புஷ்ஷும் பதில் சொல்லாது.

அடுத்த வாரம் ஆற்றூர் வழியாக மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வளைவுகளில் முன்போலவே துல்லியம். ஜல்லியின் கிர்ர் மட்டும் இல்லை. அம்மா ரத்தக்கொதிப்பு மாத்திரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிய மஞ்சள் புஷ்களில் ஒன்றை, புழக்கடைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கிறாள்.